விளக்கு வைக்கும் நேரம்

வீடும் வெளிச்சமும் – 11

சென்ற வாரம் தோட்ட விளக்குகளை எங்கே நடுவது, எவ்வளவு உயரத்தில் வைப்பது என்று பார்த்தோம். குழாய் பதித்து, ஒயர் இழுத்து, விளக்கையும் மாட்டியாகிவிட்டது. அவை எப்போது எரிய வேண்டும்? பெரும்பாலான வீடுகளில் இதை எலெக்ட்ரீஷியனே தீர்மானித்துவிடுகிறார். மாலை 6 மணிக்கு ஆன், காலை 6 மணிக்கு ஆஃப் என்று டைமரைத் திருகி வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை யாரும் தொடுவதில்லை.

சென்னையில் ஜூலை மாதம் மாலை 6 மணிக்கு மொட்டை மாடியில் வெயில் இருக்கும். நவம்பர் கடைசியில் அதே 6 மணிக்கு கேட்டின் தாழ்ப்பாளைத் தடவித்தான் திறக்க வேண்டும். அதனால்தான் ஆடி மாதத்தில் பல வீடுகளில் வெயிலிலேயே தோட்ட விளக்கு எரிகிறது. டைமரை ஆடியில் பார்த்து 7 மணிக்கு மாற்றிய வீடுகளிலோ, கார்த்திகையில் ஒரு மணி நேரம் வாசற்படி இருட்டில் கிடக்கிறது. வயதானவர்கள் தடுக்கி விழுவதும் அந்த நேரத்தில்தான்.

கணக்கைப் பார்ப்போம். சென்னையில் சூரியன் மிகச் சீக்கிரம் மறைவது நவம்பர் 22-ஐ ஒட்டி, மாலை 5.39-க்கு. மிகத் தாமதமாக மறைவது ஜூலை இரண்டாம் வாரத்தில், 6.39-க்கு. ஆண்டு முழுவதற்கும் இடைவெளி ஒரு மணி நேரம்தான். லண்டனில் டிசம்பரில் 3.51-க்கும் ஜூனில் இரவு 9.21-க்கும் சூரியன் மறைகிறது. ஐந்தரை மணி நேர வித்தியாசம். அங்கே தோட்ட விளக்கு வைத்திருப்பவர் டைமரை மாற்றாமல் ஒரு மாதம்கூட ஓட்ட முடியாது. நமக்கு ஒரு மணி நேரம்தானே என்ற நினைப்பில் விட்டுவிடுகிறோம்.

ஆனால் நம் ஊரில் அந்திப்பொழுது குறுகியது. சூரியன் இங்கே அடிவானத்தில் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. மறைந்த பிறகு, விளக்கில்லாமல் நடமாடப் போதுமான வெளிச்சம் சென்னையில் 21 முதல் 24 நிமிடம்வரைதான் தங்கும். சூரியன் சாய்வாக இறங்கும் லண்டனில் அது 33 நிமிடத்துக்குக் குறைவதில்லை. ஜூனில் முக்கால் மணிக்கும் மேல் போகும். அங்கே டைமர் 20 நிமிடம் பிசகினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. இங்கே அதே 20 நிமிடத்தில் வெளிச்சம் போய் இருட்டு வந்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. ஆண்டின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21-ஐ ஒட்டி வருகிறது. அன்றுதான் மிகச் சீக்கிரம் இருட்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சென்னையில் அன்று சூரியன் மறைவது 5.47-க்கு. நவம்பர் 22-ஐவிட எட்டு நிமிடம் தாமதம். நம் ஊரில் மிகச் சீக்கிரம் இருட்டுவது கார்த்திகை மாதத்தில்தான், வீடு வீடாக அகல் ஏற்றும் அதே மாதத்தில்.

இதற்குக் காரணம், சூரியன் உச்சிக்கு வரும் நேரம் ஆண்டு முழுக்க நிலையாக இல்லை என்பதுதான். பூமி சூரியனைச் சுற்றும் பாதை முழு வட்டமல்ல. ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வந்து வேகமாக நகர்கிறது. ஜூலை முதல் வாரத்தில் தொலைவில் நின்று மெதுவாக நகர்கிறது. அச்சின் 23.4 பாகைச் சாய்வும் இதோடு சேர்ந்துகொள்கிறது. இவை இரண்டாலும் உச்சி நேரம் கடிகாரத்தோடு ஒத்துப்போகாமல் முன்னும் பின்னும் ஆடுகிறது. சென்னையில் நவம்பர் தொடக்கத்தில் சூரியன் உச்சிக்கு வருவது 11.52-க்கு, பிப்ரவரி நடுவில் 12.23-க்கு. அரை மணி நேர ஆட்டம். லண்டனிலும் இதே ஆட்டம் உண்டு. ஆனால் பகலின் நீளம் அங்கே அவ்வளவு மாறுவதால் இது அதில் கரைந்துபோகிறது. சென்னையில் மிகக் குறுகிய பகல் 11 மணி 21 நிமிடம், மிக நீண்ட பகல் 12 மணி 54 நிமிடம். பகல் இவ்வளவு குறைவாக மாறும் ஊரில் இந்த அரை மணி நேரம் மாலையையே தன் பக்கம் இழுத்துவிடுகிறது.

விளைவைப் பாருங்கள். பிப்ரவரி நடுவில் சென்னையில் சூரியன் மறைவது 6.14-க்கு. சித்திரை முதல் நாளில் 6.21. மே 1 அன்று 6.24. இரண்டரை மாதத்தில் பத்து நிமிட மாற்றம்தான். பகல் நீள்வது மாலையைத் தள்ளிக்கொண்டே போகப் பார்க்கிறது. உச்சி நேரம் முன்னால் வந்து அதை இழுத்துப் பிடிக்கிறது. மாசி முதல் சித்திரை வரை அந்தி ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கிறது. நீளும் பகலெல்லாம் விடியற்காலைப் பக்கம் போய்ச் சேர்கிறது.

ஆவணி வந்தால் நிலைமை தலைகீழ். பகலும் குறைகிறது, உச்சி நேரமும் முன்னால் வருகிறது. இரண்டும் ஒரே பக்கம் இழுப்பதால் மாலை சரசரவென்று இறங்குகிறது. சுதந்திர தினத்தன்று 6.30-க்கு மறையும் சூரியன் செப்டம்பர் 23-ல் 6.05-க்கும், நவம்பர் 1 அன்று 5.42-க்கும் மறைகிறது. பதினோரு வாரத்தில் 48 நிமிடம். ‘இப்பல்லாம் சீக்கிரமே இருட்டிடுது’ என்று புரட்டாசியில் பாட்டிமார் சொல்வது இதைத்தான்.

சூரியன் மறைந்தவுடனே விளக்கு எரிய வேண்டுமா? வேண்டாம் என்பது என் கருத்து. சூரியன் மறையும் நேரத்தில் திறந்த வெளியில் சுமார் 400 லக்ஸ் வெளிச்சம் இருக்கும். நல்ல வெளிச்சமுள்ள அலுவலக அறையில்கூட அவ்வளவுதான். அந்தி முடியும்போது அது 3 லக்ஸ் அளவுக்கு வந்துவிடும். நடுவில் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து விளக்கு வைப்பதே சரி. திருவண்ணாமலையில் மகாதீபம் ஏற்றுவது மாலை 6 மணிக்கு. அந்த நாட்களில் அங்கே சூரியன் மறைவது 5.45-க்கும் 5.50-க்கும் இடையில். வானத்தில் வெளிச்சம் முழுக்கப் போகாத, ஆனால் சுடர் தெளிவாகத் தெரிகிற நேரம் அது. வீட்டுத் தோட்டத்துக்கும் இதைவிட நல்ல கணக்கு கிடையாது.

இதற்கு எந்தக் கருவி சரி? கடைகளில் மலிவாகக் கிடைப்பது வட்டத் தகடும் சுற்றிலும் 96 பின்னும் உள்ள டைமர். ஒரு பின்னுக்குப் பதினைந்து நிமிடம். இதன் உள்ளே இருக்கும் சிறு மோட்டார் மின்சாரத்தில்தான் ஓடும். இரண்டு மணி நேரம் கரண்ட் போனால், பேட்டரி இல்லாத டைமர் இரண்டு மணி நேரம் பின்தங்கிவிடும். மழைக்காலம் முடியும்போது நள்ளிரவில் விளக்கை ஏற்றும் டைமர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வாங்கும்போது உள்ளே பேட்டரி உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

இதை வைத்தே சென்னைக்காரர்கள் ஆண்டு முழுக்கச் சமாளிக்கலாம். பொங்கலன்று 6.15. பிப்ரவரி நடுவில் 6.30. அதன் பிறகு மே முடியும்வரை கைவைக்க வேண்டாம். ஜூன் 1-ல் 6.45. செப்டம்பர் 10-ல் மறுபடி 6.30, அக்டோபர் 1-ல் 6.15, அக்டோபர் கடைசி வாரத்தில் 6.00. ஆறு முறை திருப்பினால் போதும். அதில் மூன்று ஏழே வாரத்துக்குள் வருகின்றன. இதே தேதிகளில் கோயம்புத்தூர்க்காரர்கள் ஒரு பின் தள்ளி வைத்துக்கொள்ளலாம். அங்கே சூரியன் நவம்பரில் 5.55-க்கும் ஜூலையில் 6.49-க்கும் மறைகிறது. கன்னியாகுமரியில் நவம்பரில் சென்னையைவிடப் பதினெட்டு நிமிடம் தாமதம், ஜூலையில் இரண்டு மூன்று நிமிடம்தான். அங்கே உள்ளவர்கள் மழைக்காலத்தில் மட்டும் ஒரு பின் தள்ளினால் போதும்.

திருப்பிக்கொண்டிருக்க நேரமில்லை என்பவர்கள் டே நைட் சென்சார் மாட்டுகிறார்கள். வெளிச்சம் குறைந்தால் தானே எரியும் என்பது நல்ல ஏற்பாடுதான், மாட்டும் இடம் சரியாக இருந்தால். மாமரத்தடியிலோ சன்ஷேடுக்குக் கீழேயோ மாட்டினால் ஐப்பசியில் மழை கட்டிய பிற்பகலில் 3 மணிக்கே எரியத் தொடங்கிவிடும். மேற்குப் பார்த்து மாட்டினால் அஸ்தமன வெளிச்சம் நேராக விழுந்து, தாமதமாக எரியும். அது ஏற்றிய விளக்கின் வெளிச்சமே அதன்மீது பட்டால் எரிவதும் அணைவதுமாக இரவெல்லாம் கண் சிமிட்டும். திறந்த இடத்தில், வடக்குப் பார்த்து, தன் விளக்கு தன்மேல் படாதபடி மாட்டுங்கள். மாதம் ஒருமுறை தூசியையும் காக்கை எச்சத்தையும் துடைத்துவிடுங்கள்.

சூரிய மின்தகடு வைத்த சிறு விளக்குகளில் தனியாக சென்சார் பெரும்பாலும் இருக்காது. தகட்டில் மின் அழுத்தம் குறைவதே அதற்கு அடையாளம். இரவு நீளும் கார்த்திகையில்தான் இவற்றுக்குப் பகல் வெயிலும் கிடைப்பதில்லை. அழகுக்கு வைக்கலாம். படிக்கட்டுக்கு நம்பி வைக்காதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அஸ்ட்ரோனமிக்கல் டைமர். ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி இவற்றைக் கொடுத்துவிட்டால் அன்றன்றைய அஸ்தமனத்தை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். மேகமும் தூசியும் அதைப் பாதிப்பதில்லை. சென்னைக்கு 13.08 வடக்கு, 80.27 கிழக்கு. நேர மண்டலத்தில் +5.30 என்று அரை மணியையும் ஏற்கிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள். கோடைக்கால நேர மாற்றம் என்ற அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். நமக்கு அது கிடையாது. அஸ்தமனத்துக்குப் பின் 15 நிமிடம் என்று வைத்துவிட்டால் ஏற்றும் வேலை முடிந்தது. கைபேசிச் செயலியோடு வரும் ஸ்மார்ட் பிளக்குகள் பலவற்றிலும் இந்த வசதி இருக்கிறது.

இவ்வளவும் ஏற்றுவதைப் பற்றி. அணைப்பது இதைவிட முக்கியம் என்று நான் நினைக்கிறேன். அதற்குச் சூரியனைப் பார்க்க வேண்டியதில்லை, வீட்டாரைப் பார்த்தால் போதும். கடைசி ஆள் உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகு தோட்டத்தில் யாருக்காக விளக்கு? பாதுகாப்புக்கு என்பார்கள். ஆள் நடமாட்டத்தில் எரியும் மோஷன் சென்சார் விளக்கு ஒன்றே கேட்டுக்குப் போதும். செலவைக் காட்டி இதை நான் வாதிடப் போவதில்லை. பத்து வாட் எல்.இ.டி. பத்து இருந்தால் ஒரு மணி நேரத்துக்குப் பத்தில் ஒரு யூனிட்தான் ஆகும். இரவு என்பது மற்ற உயிர்களுக்கும் வேண்டிய ஒன்று என்பதே என் வாதம்.

அந்திமந்தாரை மாலையில் மலர்வது அந்துப்பூச்சிகளுக்காக. அந்தப் பூச்சிகள் பூவை விட்டுவிட்டு விளக்கைச் சுற்றி விடிய விடிய அலைந்து செத்து விழுகின்றன. ஐப்பசி மழைக்குப் பின் ஈசல் வந்தால் எல்லா வீட்டிலும் விளக்கை அணைக்கிறோம். மற்ற பூச்சிகளுக்கும் அந்தக் கருணை வேண்டும். 6500 கெல்வின் வெள்ளை விளக்கைவிட 2700 கெல்வின் மஞ்சள் விளக்கு பூச்சிகளைக் குறைவாகவே இழுக்கும். செடிகளும் இருட்டின் நீளத்தை அளக்கின்றன. அமெரிக்க வேளாண் துறையின் கார்னரும் அல்லார்டும் 1920-ல் புகையிலைச் செடியை வைத்து இதைக் காட்டினார்கள்: பகல் குறுகினால்தான் அந்த ரகம் பூத்தது. செவ்வந்தியும் அந்த வகைதான். இரவெல்லாம் விளக்கு படும் செவ்வந்தியில் மொட்டு தள்ளிப்போகும். உரம் போட்டும் பூக்கவில்லை என்று கவலைப்படுபவர்கள் முதலில் பக்கத்தில் உள்ள விளக்கைப் பார்க்க வேண்டும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடலைப் பார்த்த தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் கனமான பொறுப்பு. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் அந்த மணலில்தான் முட்டையிடுகின்றன. 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் பெரும்பாலும் இரவில் வெளியே வந்து, வெளிச்சம் கூடிய பக்கம் நகர்கின்றன. இயற்கையில் அது கடல். நம் விளக்கு எரிந்தால் அது வீடும் ரோடும். நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே மாணவர்கள் 1988 முதல் இரவில் நடந்து அந்த முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். அவர்கள் நடக்கும் கரையில் ஜனவரி முதல் மே வரை கடல் பக்கத்து விளக்குகளை முழுவதுமாக அணைத்து வைப்பது அங்கே குடியிருப்பவர்களின் கடமை.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் டைமர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஏற்றும் நேரத்தை மேலே சொன்ன தேதிகளின்படி மாற்றிக்கொள்ளலாம். அணைக்கும் நேரத்தை மட்டும் இன்றைக்கே இரவு 10 மணிக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

(தொடரும்)