விரல் நகம் அளவுதான்... ஒரு ஊரின் தண்ணீரையே நிறுத்திய சிப்பி!

குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. பள்ளிகள், கடைகள், ஆலைகள் எல்லாம் மூடப்பட்டன. 1989 டிசம்பரில், அமெரிக்காவின் ஈரி ஏரிக்கரையில் உள்ள மன்றோ நகரம் இரண்டு நாள்கள் இப்படித் தவித்தது. முக்கியக் காரணம், விரல் நகம் அளவே உள்ள வரிக்குதிரைச் சிப்பி! ஏரியிலிருந்து தண்ணீர் எடுக்கும் குழாயில் அது அடை அடையாக ஒட்டியிருந்தது. குளிர்காலப் பனிக்கட்டியும் சேர, குழாய் அடைத்துக்கொண்டது.

கப்பலேறி வந்த விருந்தாளி

கருங்கடல், காஸ்பியன் கடல் பகுதிதான் இதன் பூர்வீகம். சரக்கு இல்லாத கப்பல் ஆடாமல் இருக்க, அடித்தட்டில் தண்ணீர் நிரப்புவார்கள். அந்தத் தண்ணீரோடு வந்த சிப்பியை, 1988-ல் செயின்ட் கிளேர் ஏரியில் முதலில் கண்டார்கள். அடுத்த ஆண்டே மன்றோவில் தண்ணீர் நின்றது.

ஒரு பெண் சிப்பி ஆண்டுக்கு 10 லட்சம் முட்டைகள் வரை இடும். குஞ்சுகள் கண்ணுக்கே தெரியாது. சாதாரண வலைகளைத் தாண்டிவிடும். உள்ளே நுழைந்ததும் நூல் போன்ற இழைகளைச் சுரந்து ஒட்டிக்கொள்ளும். ஆலைக் குழாயில் ஓடும் தண்ணீர், உணவையும் ஆக்சிஜனையும் வாசலுக்கே கொண்டுவந்து தரும். பிடித்துத் தின்ன எதிரியும் இல்லை. பிறகென்ன, கொண்டாட்டம்தான்!

குளோரின் போட்டால் சாகாதா?

சாகும். ஆனால், உடனே சாகாது. குளோரின் வாடை பட்டதும் ஓட்டை இறுக மூடிக்கொண்டு நாள்கணக்கில் காத்திருக்கும். அதனால், விடாமல் குளோரின் கலக்க வேண்டும். தண்ணீரில் உள்ள கரிமப் பொருள்களோடு குளோரின் சேர்ந்தால் தீங்கான ரசாயனங்கள் உருவாகும். வெளியேறும் தண்ணீரால் மீன்களுக்கும் ஆபத்து. வெந்நீர் பாய்ச்சலாம், ஆள் இறக்கிச் சுரண்டலாம். எல்லாமே செலவு!

ஆகவே, ஓட்டை மூடவிடாமல் ஏமாற்றும் வழியைத் தேடினார்கள். நியூயார்க் மாநில அருங்காட்சியக விஞ்ஞானி டேனியல் மொலாய், ஒரு மண் பாக்டீரியாவைக் கண்டறிந்தார். சிப்பி அதை உணவு என்று நினைத்து விழுங்கும். அதன் செரிமான உறுப்பு சிதைந்துவிடும். செத்த பாக்டீரியாவே இதற்குப் போதும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் டேவிட் ஆல்ட்ரிட்ஜ், பொட்டாசியம் குளோரைடைக் கொழுப்புக்குள் பொதிந்து கொடுத்தார். சர்க்கரை தடவிய மாத்திரை மாதிரி!

எண்ணூருக்கும் வந்தாச்சு

இவையெல்லாம் குழாய்க்குள் பலிக்கும் வைத்தியம். பரந்த ஏரியிலிருந்து அந்தச் சிப்பியை இன்றுவரை ஒழிக்க முடியவில்லை. ஆலைகள் ஆண்டுதோறும் செலவு செய்துகொண்டே இருக்கின்றன.

நமக்கும் இது தூரத்துக் கதை அல்ல. தென் அமெரிக்கக் கடலோரத்தைச் சேர்ந்த வேறொரு சிப்பி, எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியிருக்கிறது. மீனவர்கள் அதை 'காக்கா ஆழி' என்கிறார்கள். சேற்றுப் படுகையை அது மூடிவிட்டதால், இறால் பிடித்துப் பிழைத்தவர்களின் வயிற்றில் அடி. இதுவும் கப்பலில் வந்திருக்கலாம் என்றே கருதப்படுகிறது.

கப்பல் தண்ணீரைச் சுத்திகரித்தே வெளியேற்ற வேண்டும் என்ற சர்வதேச ஒப்பந்தம் 2017-ல் நடைமுறைக்கு வந்தது. துறைமுகத்தில் அதைக் கறாராகக் கண்காணிப்பதுதான் மலிவான மருந்து. உள்ளே வந்து ஒட்டிவிட்டால், பிறகு ஆயுசுக்கும் சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்!