அசைவை உணரும் கருவிகள்

கைப்பேசியைப் பக்கவாட்டில் திருப்பினால் அதன் திரையிலுள்ள படமும் தானே திரும்பி நிமிர்ந்து நிற்கிறது. (ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு படிப்போருக்கு இது சில சமயம் தொல்லையாவதும் உண்டு.) நடப்பவரின் அடிகளை எண்ணுவதும், விளையாட்டில் கையின் வீச்சைத் திரையிலுள்ள மட்டையின் வீச்சாக மாற்றுவதும் இவ்வகைச் செயல்களே. கருவி தன் அசைவைக் கண்டுகொள்கிறது என்று காண்போர் எண்ணுவது இயல்பு. உண்மையில் அது எதையும் காண்பதில்லை. தன்மீது செயற்படும் விசையை மட்டுமே உணர்கிறது. களப்பணியில் கைப்பேசியையே அளவுகோலாகக் கொள்ளும் வழக்கம் பெருகிவருவதால், அதன் அளவுகளில் எவை நம்பத்தக்கவை என்பதை அறிந்திருத்தல் அவசியம்.

பேருந்து திடீரெனப் புறப்படும்போது, நின்றுகொண்டிருக்கும் பிரயாணிகள் பின்புறம் சாய்கின்றனர். சாய்வின் அளவைக் கொண்டே பேருந்தின் வேகம் எவ்வளவு விரைவாக மாறியது என்று கணிக்கலாம். முடுக்கமானியின் தத்துவம் இதுவே. சில மில்லிமீட்டரே அகலமுள்ள சில்லின் உள்ளே, சிலிக்கனால் ஆன நுண்ணிய பாளம் ஒன்று, வளைந்து கொடுக்கக்கூடிய மெல்லிய தண்டுகளால் தாங்கப்பட்டிருக்கிறது. பாளத்தின் பக்கங்களில் சீப்பின் பற்களைப் போன்ற தகடுகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் இடையிடையே, சட்டத்தோடு இணைந்த அசையாத பற்கள் அமைந்திருக்கும். எதிரெதிரான இரு பற்களும் சேர்ந்து ஒரு மின்தேக்கி ஆகின்றன. பாளம் இம்மியளவு விலகினாலும் இடைவெளி மாறுகிறது. அதனால் மின்தேக்கு திறனும் மாறுகிறது. இம்மாற்றமே அளவாக வெளிப்படுகிறது. நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்று திசைகளுக்கும் தனித்தனியே இவ்வாறு அளக்கப்படுகிறது. மோட்டார் வாகனங்களில் மோதலின்போது காற்றுப்பையை விரிக்கும் பொருட்டு 1990களில் இவ்வகைச் சில்லுகள் பெருமளவில் உபயோகத்திற்கு வந்தன. கைப்பேசிகளுக்குள் புகுந்தது பிற்பாடே.

மேசைமீது அசையாமல் கிடக்கும் கைப்பேசியின் முடுக்கமானி பூஜ்யத்தைக் காட்டுவதில்லை, ஏறத்தாழ 9.8 என்று, விநாடிக்கு விநாடி மீட்டர் கணக்கில் காட்டுகிறது. மேசை அதைத் தாங்கி நிற்கும் விசையே அவ்வாறு பதிவாகிறது. மாறாக, மெத்தையின் மீது அதை விழவிட்டால், விழுந்துகொண்டிருக்கும் கணத்தில் பூஜ்யத்தை ஒட்டிய அளவு தோன்றும். ஜெர்மனியின் ஆகென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இலவசமாக வழங்கும் ‘ஃபைஃபாக்ஸ்’ என்னும் செயலியைக் கொண்டு இதை வகுப்பறையிலேயே காட்டலாம். கைப்பேசியின் ஒரு முனையை உயர்த்தி 30 பாகை சாய்த்து வைத்தால், அதன் நீளத் திசையில் 9.8இல் பாதியான 4.9 பதிவாகும். திரை திரும்புவதன் இரகசியமும் இதுதான்.

ஆயினும், மேசைமீது கிடக்கும் கைப்பேசியைப் பம்பரம்போல் மெதுவாகச் சுற்றினால், புவியீர்ப்பின் திசை அதற்கு மாறுவதே இல்லை. ஆகவே அச்சுழற்சி முடுக்கமானிக்குப் புலப்படுவதில்லை. அதற்கு ஜைராஸ்கோப் வேண்டும். ஃபூக்கோ 1852இல் அப்பெயரிட்ட கருவியில் சக்கரம் சுழன்றது. இன்றைய சில்லில் சக்கரம் இல்லை, இடைவிடாது அதிரும் ஒரு பாளமே உண்டு. சில்லு சுழலும்போது, கோரியோலிஸ் விசையால் அப்பாளம் குறுக்குத் திசையிலும் அதிரத் தொடங்குகிறது. அக்குறுக்கு அதிர்வின் அளவே சுழற்சியின் வேகத்தைக் காட்டுகிறது.

நின்டெண்டோ நிறுவனம் 2006இல் வெளியிட்ட ‘வீ’ விளையாட்டுக் கருவியின் கைப்பிடியில் முடுக்கமானியும், அகச்சிவப்பு ஒளியை நோக்கும் சிறு காமிராவும் மட்டுமே இருந்தன. மணிக்கட்டின் திருப்பத்தை அதனால் செவ்வனே பின்தொடர இயலவில்லை. 2009இல் தனி இணைப்பாக ஜைராஸ்கோப் சேர்க்கப்பட்ட பின்னரே அக்குறை பெரிதும் நீங்கியது.

இனி, களப்பணியாளர் கவனிக்கவேண்டிய விஷயம். முடுக்கத்திலிருந்து வேகத்தையும், வேகத்திலிருந்து தூரத்தையும் கணக்கிடலாம் என்பது பாடநூல் கூறுவது. ஆனால் முடுக்கமானியில் 0.01 அளவே பிழை இருப்பதாகக் கொள்வோம். கணக்கிட்ட தூரத்தில் அது 10 விநாடியில் அரை மீட்டர் பிழையாகும். ஒரு நிமிஷத்தில் 18 மீட்டராகும். பத்து நிமிஷத்தில் 1,800 மீட்டராகிவிடும். இதனால்தான் அடி எண்ணும் சாதனங்கள் இவ்வழியே செல்வதில்லை. நடையின் ஒவ்வோர் அதிர்வையும் எண்ணி, ஓர் அடியின் உத்தேச நீளத்தால் பெருக்குகின்றன. கரடுமுரடான சாலையில் வண்டியின் குலுக்கல்களும் சில வேளை அடிகளாக எண்ணப்படும். அத்தகைய தூரத்தை அளவைப் புத்தகத்தில் எழுதலாகாது.

சாய்வை அளப்பதில் இவ்வளவு இடர் இல்லை. ரசமட்டத்தைச் சோதிக்கும் பழைய முறையே இங்கும் போதும். ஒரு முறை அளந்தபின், அதே இடத்தில் முனை மாற்றி வைத்து மீண்டும் அளக்கவேண்டும். முதலில் 2.3 பாகையும், பிறகு எதிர்த்திசையில் 1.7 பாகையும் காட்டினால், உண்மையான சாய்வு 2 பாகை. கருவியின் பிழை 0.3 பாகை.

அசையாமல் கிடக்கும் கைப்பேசிக்கும் ஒரு பயன் உண்டு. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம், தேசிய நில அதிர்வு மையம் ஆகியவற்றுடன் கலந்து, கூகுள் நிறுவனம் 2023 செப்டம்பரில் இந்தியாவில் நிலநடுக்க எச்சரிக்கை முறை ஒன்றை அறிமுகப்படுத்தியது. மின்னேற்றத்தில், அசைவின்றி வைக்கப்பட்டுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசி நடுக்கத்தை உணர்ந்தால், உத்தேச இடத்துடன் மையக் கணினிக்குச் செய்தி அனுப்புகிறது. ஒரு கைப்பேசி மேசையிலிருந்து விழுந்ததைக் கணினி பொருட்படுத்தாது. ஒரு வட்டாரத்திலுள்ள பல கைப்பேசிகள் ஒருங்கே அதிர்ந்தனவா என்பதையே பார்க்கிறது. நிலநடுக்கத்தின் முதல் அலை விநாடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. கட்டிடங்களை அதிகம் குலுக்கும் இரண்டாம் அலையின் வேகம் சுமார் 3.5 கிலோமீட்டரே. ஆகவே 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊரை அவ்வலை அடைய ஏறக்குறைய 28 விநாடி ஆகும். கண்டறிவதற்குச் செல்லும் நேரம் போக எஞ்சும் விநாடிகளில், மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளவோ அடுப்பை அணைக்கவோ இயலும். நடுக்கத்தின் மையத்தை ஒட்டி வாழ்வோருக்கு அந்த அவகாசமும் இல்லை. எச்சரிக்கை ஒலிக்கும் முன்பே அங்கே தரை ஆடிவிடும்.