ஆண் பாம்பை எப்போது பிரிப்பது?

இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்து இறப்பர் தோட்டங்களில் இரண்டு சாரைகள் பின்னி எழுந்தால், லயமே கூடிநின்று ‘பிணையல்’ என்று பார்க்கும். அநேகமாக அது கூடல் அல்ல; இரண்டு ஆண்கள் போடும் மல்யுத்தம். உண்மையான கூடல் தரையோடு, சத்தமில்லாமல் நடக்கும்.

அதை எப்போது நிறுத்துவது? காட்டில் அந்த முடிவு பெரும்பாலும் பெண்ணுடையது. வெளிநாடுகளில் மலைப்பாம்பு வளர்ப்போர் கவனிப்பதும் பெண்ணைத்தான். (இலங்கையில் மலைப்பாம்பு சட்டப் பாதுகாப்புள்ள விலங்கு, ஆசைக்கு வளர்க்க முடியாது.) கருமுட்டைகள் சினைப்பையை விட்டு இறங்கும்போது, இரை விழுங்கியதுபோல் நடுவுடல் ஒரு நாளளவு புடைக்கும். கண்டதும் ஆணைப் பிரித்துவிடலாம். தேவையான விந்தைப் பெண் ஏற்கெனவே உடலுக்குள் சேமித்திருக்கும்; சில இனங்களில் மாதக்கணக்கில்கூட. மேலும் சேர்த்துவைத்தால் ஆண்தான் இளைக்கும், பருவத்தில் பல ஆண்கள் இரையைத் தொடுவதே இல்லை. பிறகு பெண் தோலுரிக்கும். சில வாரங்களில் முட்டை. அவற்றைச் சுற்றிச் சுருளும்; சில இனங்கள் தசைகளை நடுக்கிச் சூடேற்றவும் செய்யும்.

ஆண் தேவையா என்பதே சிலசமயம் கேள்வி. ஆம்ஸ்டர்டாம் மிருகக்காட்சிச்சாலையில் தனித்திருந்த பர்மிய மலைப்பாம்பின் முட்டைகளில் கரு இருந்தது. தாயின் மரபணு மட்டுமே அதில் உண்டென 2003இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.