சீருடற்பயிற்சியில் சமநிலைக் கட்டுப்பாடும் தசைச் செயல்பாடும்

ஜிம்னாஸ்டிக்ஸ் எனப்படும் சீருடற்பயிற்சியில் சமநிலைக் கட்டுப்பாடு என்பது, உடலின் ஈர்ப்பு மையம் தாங்கு பரப்பைவிட்டு வெளியேறாதபடி தசைகள் ஓயாமல் திருத்திக்கொண்டிருக்கும் செயலாகும். அசையாமல் நிற்பதே சமநிலை என்று பலரும் எண்ணுகிறோம். உண்மையில் உயிருள்ள எந்த உடலும் அப்படி நிற்பதில்லை. தேர்ந்த வீராங்கனையும் ஆடிக்கொண்டேதான் நிற்கிறார். அந்த ஆட்டம் சிறியது, உடனுக்குடன் திருத்தப்படுவது என்பதே வேறுபாடு.

பெண்கள் பிரிவிலுள்ள சமநிலைச் சட்டம் 5 மீட்டர் நீளமும் 125 செ.மீ. உயரமும் கொண்டது. அகலமோ 10 செ.மீ. மட்டுமே. பாதத்தை நீளவாக்கில் வைத்தால் இருபுறமும் விளிம்புதான். கீழே விழுந்தால் 1 மதிப்பெண் குறைக்கப்படும். பத்தில் ஒரு பங்கு மதிப்பெண்ணில் பதக்கம் கைமாறும் விளையாட்டில் இது பேரிழப்பு.

உணர்தல்

கண்கள், உட்செவி, தசை மற்றும் மூட்டுகளிலுள்ள உணர்விகள் ஆகிய மூன்றும் உடலின் நிலையை மூளைக்குத் தெரிவிக்கின்றன. உட்செவியின் அரைவட்டக் குழல்கள் தலை சுழல்வதை உணர்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று பார்த்தால், நாம் கண்களை எவ்வளவு நம்பியிருக்கிறோம் என்பது சில விநாடிகளில் விளங்கும். பயிற்சி பெற்றவர்களைப் பார்வை இழப்பு இந்த அளவுக்குத் தடுமாறச் செய்வதில்லை.

தலைகீழாக நிற்றல்

இயல்பாக நிற்கும்போது ஈர்ப்பு மையம் கணுக்காலுக்குச் சற்று முன்னால் இருக்கும். முன்புறம் சாயாதபடி கெண்டைக்கால் தசைகள் பிடித்துக்கொள்கின்றன. கைகளில் தலைகீழாக நிற்கும்போது அந்த வேலை மணிக்கட்டுக்கு வருகிறது. உடல் விரல்களின் பக்கம் சாய்ந்தால் முன்கையின் உட்புறத் தசைகள் சுருங்கி, விரல்கள் தரையை அழுத்துகின்றன. அழுத்தம் விரல்நுனியை நோக்கி நகர, உடல் திரும்பி வருகிறது. எதிர்ப்புறம் சாய்ந்தால் நிலைமை கடினம். மணிக்கட்டுக்குப் பின்னால் ஊன்ற இடமே இல்லை. தோளை நகர்த்தியோ முழங்கையை மடக்கியோதான் மீள வேண்டும். ஆகவே கைதேர்ந்தவர்கள் எடையைச் சற்று விரல்களின் பக்கமாகவே வைத்திருக்கின்றனர்.

தோலின்மீது மின்முனைகளை ஒட்டித் தசைகளின் மின்செயல்பாட்டைப் பதிவு செய்யலாம். புதிதாகக் கற்பவர் மூட்டின் இருபுறத் தசைகளையும் ஒரே நேரத்தில் இறுக்குகிறார். உடல் கட்டை போலாகி விரைவில் களைத்துவிடுகிறது. பழகியவரிடம் தேவையான தசை, தேவையான நேரத்தில் மட்டும் இயங்குகிறது. வயிறு, முதுகு, இடுப்புத் தசைகள் மட்டும் உடலை ஒரே துண்டாக வைக்கத் தொடர்ந்து இறுகியிருக்க வேண்டும். "உடம்பை இறுக்கு" என்று பொதுவாகக் கத்தும் பயிற்றுநர், எந்த இடத்தை என்றும் சொன்னால் பிள்ளைகளுக்கு உதவும்.

இத்திறன் பழகிய நிலைக்கே பெரிதும் உரியது. தலைகீழாக நிற்பதில் வல்லவர், இரு கால்களில் கண்திறந்து சாதாரணமாக நிற்கும்போது மற்ற விளையாட்டு வீரர்களைவிட அதிகம் வேறுபடுவதில்லை.

தரையிறங்குதல்

தாவி இறங்கும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை கால்களைத் தாக்குகிறது. கால் தசையின் அனிச்சைச் செயல் தொடங்கவே ஏறத்தாழ 40 முதல் 50 மில்லி விநாடி ஆகும். மோதல் அதுவரை காத்திராது. எனவே பாதம் தரையைத் தொடும் முன்பே தொடை, கெண்டைக்கால் தசைகள் இயங்கத் தொடங்குகின்றன. எப்போது தரை வரும் என்ற மூளையின் கணிப்பு தவறினால், எவ்வளவு வலிமையான தசையும் பிந்திவிடும்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஜூலை 27 அன்று சிமோன் பைல்ஸுக்கு நேர்ந்தது இதற்கு நெருக்கமானது. தாண்டு மேசையிலிருந்து எழும்பி இரண்டரைத் திருகல் செய்ய வேண்டியவர், ஒன்றரையோடு இறங்கினார். காற்றில் தன் உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வு தப்பிவிட்டது. தசைகளில் குறை ஏதும் இல்லை. அவர் விலகியதைக் கோழைத்தனம் என்று சிலர் எழுதினார்கள். கழுத்து முறியும் ஆபத்தை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. ஆகஸ்ட் 3 அன்று, இறங்கும்போது திருகல் இல்லாத அசைவைத் தேர்ந்து, சமநிலைச் சட்டத்தில் வெண்கலம் வென்றார்.

கணுக்கால் சுளுக்கிலும் இந்த உணர்வே பாதிக்கப்படுகிறது. வலியும் வீக்கமும் வடிந்த பிறகும் மூட்டின் நிலையுணர்வு மந்தமாக இருக்கக்கூடும். அதே கால் மீண்டும் மீண்டும் சுளுக்குவதற்கு இது ஒரு காரணம். ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சி, பிறகு மெத்தை போன்ற மிருதுவான பரப்பின்மீது நிற்கும் பயிற்சி எனப் படிப்படியாகச் சென்ற பிறகே தாவல்களுக்குத் திரும்புவது வழக்கம்.