கீல் சின்னது... விழுந்தா சத்தம் பெரிசு!

வீட்டுக் கதவு 'கிரீச்' என்று கத்தினால் என்ன செய்வோம்? கீலில் நாலு சொட்டு தேங்காய் எண்ணெயை விட்டுவிட்டு காப்பி சாப்பிடப் போய்விடுவோம். கீல் கழன்றே போனாலும், ஆசாரி வருகிறவரை கதவைச் சுவரில் சாத்தி வைக்கலாம். ஆனால், இருநூறு அடி உயரத்தில் பறக்கிற விமானத்தின் கீல் கழன்றால்? சாத்தி வைக்க அங்கே சுவருக்கு எங்கே போவது சாமி!

பயப்படாதீர்கள். இது நீங்களும் நானும் டிக்கெட் எடுத்து ஏறுகிற விமானத்தைப் பற்றிய சங்கதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கையில் ரேடியோ பெட்டியும், வானத்தில் பார்வையுமாக மைதானத்தில் நிற்பார்களே சில பேர்... கழுத்து சுளுக்கிக்கொள்ளும் அளவுக்கு அண்ணாந்து பார்த்தபடி... அவர்கள் விடுகிற குட்டி விமானங்களைப் பற்றியது. நடிகர் அஜித்குமாருக்கு இதில் இருக்கும் கிறுக்கு ஊரறிந்தது. 2018-ல் குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் 'தக்‌ஷா' குழுவுக்கு ஆலோசகராகவே இருந்தார் மனுஷர்.

முன்பெல்லாம் இந்த விமானங்களை பால்சா மரத்தில் இழைத்து இழைத்துச் செய்வார்கள். இப்போது ஃபோம் காலம். டி.வி. பெட்டிக்குள் முட்டுக்கொடுத்து வருமே தெர்மகோல், அதற்கு அண்ணன் தம்பி முறை. எடை குறைவு, விலை குறைவு, உடைந்தால் ஒட்டிக்கொள்ளலாம். எல்லாம் சரி... விமானம் திரும்புவதும் ஏறுவதும் இறங்குவதும் எதனால்? இறக்கையின் ஓரத்தில் 'ஏலரான்', வாலில் 'எலிவேட்டர்', 'ரடர்' என்று மடிகிற பட்டைகள் உண்டு. குட்டி மோட்டாரான 'சர்வோ' ஒரு கம்பியால் அவற்றைத் தள்ளி இழுக்கும். வலது ஏலரான் மேலே, இடது ஏலரான் கீழே போனால் விமானம் வலது பக்கம் சாயும். இந்தப் பட்டைகளை விமானத்தோடு பிடித்து வைத்திருப்பது கீல் ஒன்றுதான்!

துவரம்பருப்பு கணக்கு

"போங்க சார், வெறும் ஃபோம்தானே... விழுந்தா யாருக்கு என்ன?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிலோ எடையுள்ள மாடல் விமானம் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதினால், அதன் விசை எவ்வளவு தெரியுமா? நாலு மாடிக்கு மேலேயிருந்து ஒரு கிலோ துவரம்பருப்பு பொட்டலத்தைப் போட்டால் எவ்வளவோ, அவ்வளவு! கீழே உங்கள் தலை இருந்தால் பருப்பு வேகாது, தலைதான் வேகும். முன்னால் சுற்றுகிற புரொப்பெல்லர் தனிக்கணக்கு.

கீல் லொடலொடத்தால் இன்னொரு வில்லன் வருவான். பெயர் 'ஃப்ளட்டர்'. கட்சிக் கொடி காற்றில் படபடக்கிற மாதிரி, தளர்ந்த பட்டை வேகம் கூடும்போது படபடவென்று துடிக்க ஆரம்பிக்கும். காற்றே அந்தத் துடிப்புக்குத் தீனி போடும். சில விநாடிகளில் பட்டை கிழிந்து கையோடு வந்துவிடும்.

விளையாட்டு விமானத்துக்கு மட்டுமா இந்தத் தலைவிதி? 2011 செப்டம்பர் 16. அமெரிக்காவில் ரீனோ நகர விமானப் பந்தயம். இரண்டாம் உலகப் போர் ரகமான பி-51 மஸ்டாங் ஒன்று சீறிக்கொண்டிருந்தது. அதன் எலிவேட்டர் ஓரத்தில் 'ட்ரிம் டேப்' என்று ஒரு சின்னப் பட்டை. அதைப் பிடித்திருந்த ஸ்க்ரூக்கள், பழசாகிப் போன லாக்-நட்டுகளால் தளர்ந்திருந்தன. பந்தய வேகத்தில் ஃப்ளட்டர் வந்தது. விமானம் பார்வையாளர்கள் பக்கம் வந்து விழுந்தது. விமானியும், வேடிக்கை பார்க்க வந்த பத்து பேரும் இறந்துபோனார்கள். விசாரணை அறிக்கை விரல் நீட்டியது அந்தச் சின்ன நட்டுகளை நோக்கித்தான்.

டேப்பா... பசையா?

"அப்பா, செலோ டேப் ஒட்டினா போதும்ல?" என்பான் லீவில் விமானம் செய்ய உட்கார்ந்த பையன். "போதும்டா... ஒட்டுற விதத்துல ஒட்டினா" என்பதுதான் பதில்.

முதலில், பட்டையின் முன் ஓரத்தை அடிப்பக்கமாக 45 டிகிரி சாய்வாகச் சீவ வேண்டும். சீவாவிட்டால் பட்டை கீழே மடங்காது. ஃபோமும் ஃபோமும் முட்டிக்கொள்ளும். சீவிய தூளைத் துடைக்காமல் டேப் ஒட்டுவது, மாவு தடவிய பலகையில் ஸ்டாம்பு ஒட்டுகிற கதை. ஸ்பிரிட் தொட்டு லேசாகத் துடைக்கலாம். பெட்ரோல், தின்னர் பக்கம் போகவே கூடாது. தெர்மகோல் சர்க்கரையாய்க் கரையும்!

பிறகு இறக்கையையும் பட்டையையும் தட்டையாக வைத்து, நடுவே ஒரு தடித்த அட்டை கனத்துக்கு இடைவெளி விட்டு, மேல்பக்கம் நீளமாக ஒரு டேப். அடுத்து பட்டையை அப்படியே இறக்கையின் மேல் முழுசாக மடித்துப் போட்டு, உள்பக்கம் தெரிகிற சந்தில் இன்னொரு டேப். இடைவெளியில் இரண்டு டேப்பின் பசையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இந்த இரண்டாவது டேப்பை விட்டுவிடுகிறவர்கள்தான் பிற்பாடு புதரில் பாகம் பொறுக்குகிறார்கள். டேப் நீளத்துக்கு ஒட்டுவதால் சந்து வழியாகக் காற்று ஒழுகாது என்பது உபரி லாபம்.

சாதாரண டேப்புக்கு நம்ம ஊர் வெயில் ஜென்ம விரோதி. பூட்டிய காருக்குள் விமானத்தை வைத்துவிட்டு கல்யாண வீட்டில் சாப்பிட்டு வந்தால், டேப்பும் சாப்பாடு முடித்து எழுந்திருக்கும்!

பசையில் இருக்குது பஞ்சாயத்து

கொஞ்சம் பெரிய விமானம் என்றால் டேப் மட்டும் போதாது. நைலான் கீல்கள் வேண்டும். இரண்டு பக்கமும் ஃபோமின் நடுக்கனத்தில் பிளேடால் கீறி, கீலைச் செருகி ஒட்ட வேண்டும். ஒரு பட்டைக்கு மூன்றாவது இருந்தால் நல்லது. சர்வோ கம்பி பிடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒன்று அவசியம். எல்லாம் ஒரே நேர்கோட்டில்! ஒன்று கோணினால் போதும், பட்டை முரண்டு பிடிக்கும்.

ஒட்டுவது எதனால்? ஒரு சொட்டில் ஒட்டுகிற ஃபெவிக்விக் வகைப் பசையின் ரசாயனப் பெயர் சயனோஅக்ரிலேட். 1942-ல் அமெரிக்காவின் ஹாரி கூவர், துப்பாக்கிக் குறிபார்க்கும் கண்ணாடிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது அகப்பட்ட சரக்கு இது. எல்லாவற்றிலும் ஒட்டித் தொலைக்கிறதே என்று அப்போது ஒதுக்கிவிட்டார்கள். 1958-ல் அதையே பசையாக விற்றார்கள்! தெர்மகோலில் இதை விட்டால் குழி விழும். ஸ்கூல் புராஜெக்ட் செய்த அம்மாக்களைக் கேளுங்கள், சொல்வார்கள். அதற்கென்று 'ஃபோம்-சேஃப்' ரகம் தனியாக இருக்கிறது. இல்லையா... இரண்டு டியூப் கலக்கும் எபாக்ஸி எந்த ஃபோமையும் கரைக்காது.

பசை கீலின் அச்சுக்குள் போனால் கீல் கீலாக இருக்காது, கட்டையாகிவிடும். அச்சில் துளி வாஸ்லின் தடவிவிட்டு ஒட்டினால் தப்பிக்கலாம்.

காசே செலவில்லாத ஒரு உபாயமும் உண்டு. பரணில் கிடக்கிறதே பழைய கம்ப்யூட்டர் ஃப்ளாப்பி... உள்ளே இருக்கும் மெல்லிய வட்டத் தகட்டைத் துண்டு துண்டாய் வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு துளை போட்டு எபாக்ஸியில் செருகுங்கள். பசை துளை வழியாக இறங்கி இறுகிக்கொள்ளும். பழைய லெட்டர் சேமித்த ஃப்ளாப்பிக்குப் பறக்கிற பாக்கியம்!

ஈ.பி.பி. என்ற ரப்பர் மாதிரி ஃபோமில் கீலே வேண்டாம். 'வி' வடிவத்தில் சீவி, அடியில் மெல்லிய தோலை விட்டுவிட்டால் அதுவே கீல். ஷாம்பூ பாட்டில் மூடி ஆயிரம் தடவை மடங்கியும் ஒடியாமல் இருக்கிறதே... இரண்டும் ஒரே பாலிபுரொப்பிலீன் குடும்பம்!

கிளம்பும் முன்...

பறக்கவிடும் முன் ஒவ்வொரு பட்டையையும் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். வருகிறதென்றால், இப்போதே வரட்டும். சர்வோ கம்பியைக் கழற்றிவிட்டு ஆட்டினால் பட்டை தன் எடையிலேயே தொங்க வேண்டும். விறைத்துக்கொண்டு நின்றால் சர்வோ 'உர்ர்ர்' என்று முனகும். பாட்டரியும் சீக்கிரம் தீரும். வானத்தில் திடீரென்று வண்டு மாதிரி 'ஸ்ஸ்ர்ர்' சத்தம் கேட்டால், அது ஃப்ளட்டரின் காலிங் பெல். உடனே மோட்டார் வேகத்தைக் குறைத்து இறக்கிவிடுங்கள். "இன்னும் ஒரே ஒரு ரவுண்டுடா" என்ற ஆசைதான் ஆபத்து. வேடிக்கை பார்க்கும் குழந்தைகளை உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்க வையுங்கள். அவர்கள் தலைக்கு மேலே மட்டும் ஓட்டிக்காட்ட வேண்டாம்.

கீலுக்கு ஐந்து நிமிஷம் ஒதுக்காதவர், விமானம் எந்தத் தென்னைமரத்தில் மாட்டியிருக்கிறது என்று தேட அரை நாள் ஒதுக்குவார். அதை இறக்கித் தர மரமேறி கேட்கிற கூலியில் நாலு விமானத்துக்குக் கீல் வாங்கிவிடலாம்!