சாமை வீட்டில் புதையல் வேட்டை!

லீவு விட்டாச்சா? முதல் இரண்டு நாள் டிவி, அடுத்த இரண்டு நாள் மொபைல், ஐந்தாம் நாள் காலையிலேயே, 'அம்மா, போரடிக்குது...' அப்படித்தானே? இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை தரப் போகிறோம். வீட்டுக்குள்ளேயே புதையல் வேட்டை! நீங்கள் மட்டும் ஆடுவதல்ல. அப்பா, அம்மா, மாமா, அத்தை என்று மதியத் தூக்கம் போடுகிற எல்லாரையும் எழுப்பி ஓடவிடும் வேட்டை.

ஒரு சாக்லேட்டை அலமாரியில் ஒளித்துவிட்டு, 'தேடு' என்றால் இரண்டு நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். அது வேட்டையல்ல. வேட்டைக்கு ஒரு தீம் வேண்டும். கதைக்குக் கரு இருப்பதுபோல. எல்லாத் துப்புகளும் அந்த ஒரே விஷயத்தைச் சுற்றியே வர வேண்டும். அப்போதுதான் ஒரு துப்பு கிடைத்ததும், 'அடுத்தது இதுவாக இருக்குமோ?' என்று மூளை வேலை செய்யும்.

மாதிரிக்கு ஒரு தீம் போட்டுப் பார்ப்போமா? அதற்கு ஒரு மலை ஏற வேண்டும். வாருங்கள்!

திருப்பத்தூரிலிருந்து மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறினால் புதூர்நாடு. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலையில் இருக்கிறது. முன்பு வேலூர் மாவட்டம். 2019-ல் திருப்பத்தூர் தனி மாவட்டமானது. இங்கே பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். பெயரைப் பார்த்துக் கேரளா என்று நினைத்துவிடாதீர்கள். இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். ஜவ்வாது மலையில் மழையை நம்பி விளையும் முக்கியமான பயிர், சாமை. நம் அரிசியைவிட ரொம்பப் பொடியான சிறுதானியம். 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்ததே, அந்தக் கூட்டத்தில் சாமையும் ஒன்று.

ஆகவே நம் தீம், 'சாமைச் சோறு'. அறுத்து வந்த சாமை, தட்டுக்குச் சோறாக வரும்வரை வீட்டில் எங்கெங்கே போகும்? அந்தச் சாமான்கள்தான் நம் ஒளிவிடங்கள்.

சாமையின் மேலே உமி ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நீக்குவது லேசுப்பட்ட வேலையல்ல. முன்பெல்லாம் வீட்டுப் பெண்கள் உரலில் போட்டு உலக்கையால் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி... ஒருவேளைச் சோற்றுக்கே கை காய்த்துப் போகும். இப்போது மெஷின் வந்துவிட்டது. 'நல்லவேளை, விட்டது சனி!' என்றுதான் எந்தப் பாட்டியும் சொல்வார். அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால், வேலை போனதோடு அந்தச் சாமான்களின் பெயர்களும் சேர்ந்து போய்க்கொண்டிருக்கின்றன. உழக்கு என்றால் என்ன? திருகை எப்படி இருக்கும்? கேட்டால் நம்மில் எத்தனை பேர் கை தூக்குவோம், சொல்லுங்கள்!

அதனால் வேட்டைக்கு முதல்நாள் ஒரு ரகசிய வேலை உண்டு. பாட்டியையோ தாத்தாவையோ தனியாகப் பிடியுங்கள். ஒரு நோட்டு, பேனா எடுத்துக்கொண்டு, பரணிலும் கொல்லையிலும் கிடக்கும் ஒவ்வொரு பழைய சாமானையும் காட்டிக் கேளுங்கள். 'ஆயா, இதுக்குப் பேரென்ன? இதுல என்ன செய்வீங்க? இதை யாரு வாங்கினாங்க?' பதிலை அப்படியே எழுதுங்கள். தானியம் கொட்டி வைக்கும் குதிரைச் சில ஊர்களில் தொம்பை என்பார்கள். உங்கள் வீட்டில் எப்படிச் சொல்கிறார்களோ அதையே எழுதுங்கள். துப்பு எல்லாமே இந்த நோட்டிலிருந்துதான் பிறக்கப்போகிறது. என்னைக் கேட்டால், வேட்டையைவிட இந்த முதல்நாள்தான் ஜாலி.

இதோ, நாங்கள் எழுதிய துப்புகள். முதலில் நீங்கள் விடை கண்டுபிடியுங்கள் பார்ப்போம்.

துப்பு 1: தினம் தினம் குத்து வாங்கியவள், இப்போது கொல்லையில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். மழை பெய்தால் அவள் வாயில் தண்ணீர் நிற்கும்.

துப்பு 2: காற்றைக் கூப்பிடுவான், பதரை விரட்டுவான், மணியை மட்டும் மடியில் வைத்துக்கொள்வான்.

துப்பு 3: நாலு தம்பிகள் சேர்ந்தால் ஒரு படி அண்ணன். அந்தத் தம்பி ஒருவன் வயிற்றைத் தடவிப் பார்.

துப்பு 4: கீழே இருப்பவன் அசைய மாட்டான், மேலே இருப்பவன் நிற்க மாட்டான். நடுவில் மாட்டியவன் மாவாவான்.

துப்பு 5: மரத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்கினேன். உப்போடு சேர்த்துப் பானைக்குள் போட்டு மூடிவிட்டார்கள். என்னை நினைத்தாலே உனக்கு எச்சில் ஊறும்.

துப்பு 6: 1-5, 7-3, 12-0.

கடைசியைப் பார்த்து முழிக்கிறீர்களா? அது குட்டீஸ் ஸ்பெஷல்! ஒன்றாம் வகுப்பில் உயிர்மெய் எழுத்து அட்டவணை படித்தீர்களே, அதுதான் சாவி. முதல் எண், மெய்யெழுத்தின் வரிசை: க் 1, ங் 2, ச் 3... இப்படியே ன் வரை 18. இரண்டாவது எண், உயிரெழுத்தின் வரிசை: அ 1, ஆ 2, இ 3... ஔ 12. புள்ளி வைத்த எழுத்து என்றால் இரண்டாவது எண் பூஜ்யம். ஆக 1-5 என்றால் 'க'கர வரிசையில் ஐந்தாவது, 'கு'. மீதியை நீங்களே போட்டுப் பாருங்கள்.

கவனித்தீர்களா? மூன்றாவது துப்பு பெரியவர்களுக்குத்தான் சட்டென்று பிடிபடும். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி என்று அவர்களுக்குத்தான் வாய்ப்பாடு தெரியும். ஆறாவது துப்போ, நீங்கள் இல்லாமல் அவர்களால் ஆகவே ஆகாது! பாதித் துப்பு பெரியவர்களுக்கு, பாதி சின்னவர்களுக்கு. இப்படி எழுதினால்தான் மாமா பாதியில் நழுவிப் போய் நியூஸ் பார்க்க மாட்டார்.

சரி, ஒளித்து வைப்பது எப்படி? இங்கேதான் நிறையப் பேர் சொதப்புவார்கள். உரலைப் பற்றிய துப்பை உரலுக்குள்ளேயே வைத்துவிடுவார்கள்! உரலுக்குள் இருக்க வேண்டியது அடுத்த இடத்தைப் பற்றிய சீட்டு, அதாவது முறத்தைப் பற்றியது. குழப்பம் வராமலிருக்க ஒரே வழி, பின்னாலிருந்து முன்னால் வருவது. முதலில் புதையலை வையுங்கள். பிறகு அதைச் சொல்லும் சீட்டை ஆறாவது இடத்தில் வையுங்கள். ஆறாவதைச் சொல்லும் சீட்டு ஐந்தாவது இடத்தில். இப்படியே பின்னால் வந்தால், முதல் துப்பு உங்கள் கையில் மிச்சம் இருக்கும். அதை உரக்கப் படித்துத்தான் ஆட்டத்தை ஆரம்பிக்க வேண்டும்.

வீட்டில் கூட்டம் அதிகமென்றால் இரண்டு அணி. மஞ்சள் தாள் ஓர் அணிக்கு, நீலத் தாள் இன்னொன்றுக்கு. இரண்டு அணியும் ஒரே வழியில் போனால் முன்னால் போகிறவர்களைப் பார்த்துக் காப்பி அடிப்பார்கள். அதனால் மஞ்சள் அணி 1, 2, 3, 4, 5, 6 என்று போகட்டும். நீல அணி 4, 5, 6, 1, 2, 3 என்று போகட்டும். கடைசியில் புதையல் மட்டும் பொது. ஏழு துப்பு, இரண்டு நிறம், மொத்தம் 14 சீட்டு. ஒரு சீட்டு இடம் மாறினாலும் கதை கந்தல்! நோட்டில் எழுதி டிக் அடித்துக்கொண்டே வையுங்கள்.

அணி பிரிக்கும்போது சின்னப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கலந்துபோடுங்கள். சீட்டைப் படிப்பது அணியிலேயே சின்னவரின் வேலை. பெரியவர் விடை தெரிந்தாலும் கையை நீட்டிக் காட்டக்கூடாது. அந்தச் சாமானைப் பற்றி வாயால்தான் சொல்லலாம். மற்ற அணியின் சீட்டு கண்ணில் பட்டால் தொடக்கூடாது. வீட்டிலேயே வயதானவர் யாரோ, அவரை நடுவராகத் திண்ணையில் உட்கார வையுங்கள். பாட்டி என்றால் வெற்றிலையும் சுருக்குப் பையுமாக ஜம்மென்று உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொரு அணியும் அவரிடம் மூன்று கேள்வி கேட்கலாம். அவர் சாமான் என்ன வேலை செய்யும் என்று சொல்லலாம். எங்கே இருக்கிறது என்று சொல்லக்கூடாது. சொன்னால், நடுவருக்கே அபராதம். ஒரு கதை சொல்ல வேண்டும்!

ஒளித்துத் தேடுவது நமக்கொன்றும் புதிதல்ல. 'கிச்சுக் கிச்சு தாம்பாளம்' தெரியுமல்லவா? நீளமாக மணலைக் குவித்து, அதற்குள் ஒரு சின்னக் குச்சியை நகர்த்தி நகர்த்தி ஒளிப்பார்கள். எதிரில் இருப்பவர் இரண்டு கையையும் கோர்த்து, குச்சி இருக்கும் இடத்தை மூட வேண்டும். வெளிநாட்டில் 1927-ல் எல்சா மேக்ஸ்வெல் என்ற அமெரிக்கப் பெண்மணி, பாரிஸ் நகரில் விருந்தாளிகளை ஒரு பட்டியலைக் கொடுத்து ஊரெல்லாம் அலைய விட்டார். 2000-ம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் டேவ் உல்மர் என்பவர் காட்டுக்குள் ஒரு வாளியை ஒளித்து, அது இருக்கும் இடத்தின் ஜி.பி.எஸ். எண்களை மட்டும் இன்டர்நெட்டில் போட்டார். ஜியோகேச்சிங் என்ற விளையாட்டு அப்படித்தான் உலகம் முழுக்கப் பரவியது.

எழுதப் படிக்கத் தெரியாத வாண்டுகளுக்கு அந்தப் பட்டியல் வேட்டைதான் சரி. 'ஏழு வகை விதை கொண்டு வா!' அவ்வளவுதான். சாமை, தினை, கேழ்வரகு, கொள்ளு, துவரை, மொச்சை, புளியங்கொட்டை என்று சமையலறையிலேயே முடிந்துவிடும். மூக்கில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் பக்கத்தில் இருக்கட்டும்.

ராத்திரி ஆட்டத்துக்கு இன்னொரு தீம் இருக்கிறது. அதுவும் இதே ஜவ்வாது மலையிலிருந்துதான்! இங்கே காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1988-ல் அங்கே ராஜமோகன் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு நம் கணித மேதை ராமானுஜன் பெயர் வைக்கப்பட்டது. குறுங்கோளை எப்படித் தேடுவார்கள் தெரியுமா? வானத்தின் ஒரே பகுதியை நேர இடைவெளி விட்டுப் படம் எடுப்பார்கள். நட்சத்திரங்கள் எல்லாம் அதே இடத்தில் இருக்கும். ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருந்தால், மாட்டிக்கொண்டது குறுங்கோள்! இதை வீட்டில் செய்யலாம். அலமாரியை எல்லாரும் ஒரு நிமிடம் பார்க்கட்டும். பிறகு வெளியே போகச் சொல்லி, ஒரே ஒரு சாமானை இடம் மாற்றுங்கள். உள்ளே வந்து கண்டுபிடிப்பவர்தான் விஞ்ஞானி.

'எங்கள் ஃபிளாட்டில் உரலும் இல்லை, குதிரும் இல்லை' என்று சென்னைக் குட்டீஸ் உதட்டைப் பிதுக்க வேண்டாம். உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டி, அப்பா பாட்டுக் கேட்ட டேப் கேசட், அம்மாவின் பள்ளி ஜியாமெட்ரி பாக்ஸ், ஓடாத அலாரம் கடிகாரம்... 'அம்மா சின்னப் பொண்ணா இருந்தப்போ' என்று தீம் வைத்தால் போதும். யார் கண்டது, அம்மாவின் பழைய மார்க் ஷீட்கூடச் சிக்கலாம்!

சில இடங்களில் மட்டும் சீட்டை வைக்கவே கூடாது. அடுப்பு, கிணற்றுச் சுவர், மருந்து டப்பா, கரண்ட் பெட்டி, பூச்சி மருந்து இருக்கும் மூலை. மலை ஊர்ப் பிள்ளைகள் கல் இடுக்கு, மரப்பொந்து, விறகுக் குவியல் பக்கம் போகாதீர்கள். தேளும் பாம்பும் நம் ஆட்டத்தில் சேரவில்லை. பரணில் ஏறுவது பெரியவர்கள் வேலை.

ஜவ்வாது மலையில் புதிய கற்காலத்துக் கற்கோடாரிகளும் பழைய நடுகற்களும் கிடைத்திருக்கின்றன. அப்படி எதையாவது கண்டால், எடுத்து வீட்டுக்குக் கொண்டு வராமல், நகர்த்தாமல், ஆசிரியரிடம் சொல்லுங்கள். நிஜப் புதையலுக்கு ஒரு சட்டமே உண்டு, தெரியுமா? 1878-ம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நாம் வைக்கப்போகும் தினைமாவு உருண்டைக்கு அந்தக் கவலை இல்லை!

ஆமாம், பரிசு அதுதான். தேன் விட்டுப் பிசைந்த தினைமாவு உருண்டை, ஒரு டிரங்குப் பெட்டியில் பூட்டியிருக்கும். ஏழாவது துப்பு, அந்தப் பெட்டிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று சொல்லும். இதோ:

துப்பு 7: 9-2, 5-0, 5-3.

(விடைகள்: 1. உரல் 2. முறம் 3. உழக்கு 4. திருகை 5. புளிப்பானை 6. குதிர். ஏழாவதுக்கு விடை போட மாட்டோம். அணி ரெண்டும் வீடெல்லாம் ஓடித் தேடும்போது, அந்த ஆள் மட்டும் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமல் சிரித்துக்கொண்டிருப்பார்!)