1 கிளாவர்னு சொன்னா என்ன பதில்?

இன்னைக்கு பிரிட்ஜ் சீட்டாட்டம். இருபத்தெட்டு ஆடிப் பழகினவங்களுக்கு இது ஒண்ணும் வேற கிரகம் இல்லை. எதிரெதிரா உக்கார்ற ரெண்டு பேர் ஒரு ஜோடி, முதல்ல ஏலம், அப்புறம் ஆட்டம். ஆனா பிரிட்ஜ்ல ஏலம்தான் பாதி விளையாட்டு. ஏன்னா உங்க ஜோடிகிட்ட நீங்க பேசக்கூடிய ஒரே பாஷை அதுதான்.

கணக்கு சுலபம். ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1. நாலு ஜாதிக்கும் சேர்த்து சீட்டுக்கட்டுல மொத்தம் 40 பாயின்ட். ஜோடியா சுமார் 25 இருந்தா ‘கேம்’ வரைக்கும் ஏலத்தை ஏத்தலாம். அதாவது 4 ஆட்டின், 4 ஸ்பேட், இல்லைன்னா 3 நோ டிரம்ப். போனஸ் அங்கதான் இருக்கு.

சாதாரணமா 1 கிளாவர்னு ஆரம்பிச்சா கையில கிளாவர் இருக்குன்னு அர்த்தம். பிரிசிஷன் மாதிரி முறைகள்ல அதுக்கும் கிளாவருக்கும் சம்பந்தமே இல்லை. ‘எங்கிட்ட 16 பாயின்ட்டாவது இருக்கு, மத்ததை அப்புறம் பேசலாம்’, அவ்ளோதான். ஏலத்துல இருக்கிறதுலயே கீழ்ப்படி 1 கிளாவர், அதனால மேல பேச நிறைய இடம் கிடைக்குது. 1960-கள்ல சி. சி. வெய்னு ஒரு கப்பல் தொழிலதிபர் இந்த பிரிசிஷனை உருவாக்கினார். அதை வச்சு ஆடின தைவான் அணி 1969-ல உலகப் போட்டியான பெர்முடா பவுல்ல இறுதி ஆட்டம் வரைக்கும் போனது. யாரும் எதிர்பார்க்கலை.

சரி, ஜோடி 1 கிளாவர் சொல்லிட்டாரு. நாம என்ன பதில் சொல்றது? இங்கதான் நான் சொதப்பினேன்.

நான் ஆடுறது எங்க மாமா கூட. அனுப்பர்பாளையத்துல பாத்திரப் பட்டறை வச்சிருந்தார், இப்போ ஓய்வு. நான் பெங்களூர்ல இருந்து, அவர் வீட்டுல இருந்து, ஞாயித்துக்கிழமை ஆன்லைன்ல ஆடுவோம். நான் இன்ஜினியர் இல்லையா, பதில்களை 14 பக்கத்துக்கு எழுதி அனுப்பினேன். அதுல 1 ஆட்டின்னா உண்மையில 5 ஸ்பேட் இருக்குன்னு அர்த்தம். பலமான கை மறைஞ்சே இருந்து ஆடட்டும்னு, எல்லாமே ஒரு படி தள்ளி.

ஒரு நாள் மாமா 1 ஆட்டின் சொன்னார். நிஜமாவே ஆட்டின்தான் வச்சிருந்தார், என் பக்கங்களை மறந்துட்டார். நான் அவர்கிட்ட 5 ஸ்பேட் இருக்குன்னு நம்பி, ‘எங்கிட்டயும் 3 இருக்கு’ன்னு 1 ஸ்பேட் சொன்னேன். அவர் அதை என்னோட 5 ஸ்பேட்னு நினைச்சு நேரா 4 ஸ்பேட். கடைசியில ரெண்டு பேர்கிட்டயும் மும்மூணு துருப்பு, மீதி ஏழும் எதிராளி கையில! ஆட்டின்ல எங்களுக்கு 9 சீட்டு இருந்தது. மாமா கோபப்படலை. “ஏங்கண்ணு, எனக்கு இத்தனை ஞாபகம் இருக்காது. நீ வேற ஜோடி பாத்துக்க”ன்னு மட்டும் சொன்னார். அது கோபத்தைவிட மோசமா இருந்தது.

அன்னைக்கு ராத்திரி 14 பக்கத்தையும் தூக்கிப் போட்டுட்டு, காலேஜ்ல படிச்ச ஹஃப்மேன் கோடிங்ல இருந்து ஆரம்பிச்சேன். அடிக்கடி வர்றதுக்கு மலிவான குறியீடு கொடு. இங்க அடிக்கடி வர்றது எது? ஜோடிகிட்ட 16 போனா மீதி 24. அதை மூணு பேர் பங்கு போட்டா ஆளுக்குச் சராசரி 8. அப்போ கிட்டத்தட்ட பாதி நேரம் நம்ம கையில 7 இல்லைன்னா அதுக்கும் கீழதான். அதனால இருக்கிறதுலயே மலிவான பதில், 1 டைமன், அந்த ஏழைக் கைக்கு. டைமன் இருக்கா இல்லையான்னு கேக்காதீங்க, ‘0-ல இருந்து 7’, அவ்ளோதான். அதுக்கப்புறம் ஜோடி 1 ஸ்பேட் சொன்னா, கையில ஒண்ணும் இல்லாத நாம பாஸ் பண்ணிக்கலாம்.

8 இருந்தா கதை வேற. 16-ம் 8-ம் 24. கேம் வரைக்கும் போயே தீரணும், நடுவுல யாரும் பாஸ் சொல்லக் கூடாது. இதுதான் இந்த முறையோட உயிர். நிறுத்த மாட்டார்னு தெரிஞ்சா எகிறிக் குதிக்கத் தேவையில்லை. 5 சீட்டு இருக்கிற ஜாதியை உள்ளது உள்ளபடி சொல்லுங்க: 1 ஆட்டின், 1 ஸ்பேட், 2 கிளாவர், 2 டைமன். 5 சீட்டு எதுலயும் இல்லையா, 1 நோ டிரம்ப்.

ஓட்டை இல்லாமல் இல்லை. 4-4-4-1 கைக்குத் தனிப் பதில் கிடையாது, அதையும் 1 நோ டிரம்ப்னே சொல்றோம். அது கொஞ்சம் பொய்தான், ஆனா அந்த மாதிரி கை நூத்துல மூணு தடவைதான் வரும். சில நேரம் பலமான கை மேஜையில திறந்து கிடக்கும், எதிராளி பார்த்துப் பார்த்து ஆடுவார். அந்த நஷ்டம் நிஜம். ஆனா மும்மூணு துருப்போட 4 ஸ்பேட் ஆடுறதைவிட அது எவ்வளவோ மேல்.

இன்னொரு விஷயம். நல்ல எதிராளி உங்களைச் சும்மா பேச விடமாட்டார். 1 கிளாவர் கேட்டதுமே, ஒண்ணுமில்லாத கையை வச்சுக்கிட்டு 2 ஸ்பேட்னு குறுக்க விழுவார். நீங்க மிச்சம் பிடிச்ச இடமெல்லாம் போச்சு. பல ஜோடிகள் தடுமாறுறது இங்கதான், நானும் அந்த 14 பக்கத்துல இதுக்கு ரெண்டே வரிதான் எழுதியிருந்தேன். இப்போ எங்க ஏற்பாடு: 0-4 பாஸ், 5-7 டபுள், 8-க்கு மேலன்னா சொந்த ஜாதியைச் சொல்லு, கேம் நிச்சயம். 8 இருந்தும் ஜாதி இல்லைன்னா, எதிராளி ஜாதியில ஒரு தடுப்புச் சீட்டு இருக்கும்போது நோ டிரம்ப், அதுவும் இல்லைன்னா எதிராளி சொன்ன ஜாதியையே திருப்பிச் சொல்றது.

எல்லாம் சேர்த்து ஒரு வாட்ஸ்ஆப் மெசேஜ்ல அடங்கிடுச்சு. மாமா அதைக் காலண்டர் பின்னாடி எழுதி ஒட்டிக்கிட்டார்.

போன ஞாயிறு நான் 1 கிளாவர், எதிராளி 2 ஸ்பேட். மாமா உடனே டபுள். 3 ஆட்டின்ல நின்னோம், சரியா 9 பிடி வந்தது. முடிஞ்சதும் போன் பண்ணினார். “டபுள்னா அஞ்சுல இருந்து ஏழுதானே கண்ணு?” ஆமாங்க மாமான்னேன். “சரி, அவன் 4 ஸ்பேட்டுக்குத் தாவிட்டான்னா?”

அதை இன்னும் முடிவு பண்ணலை.